நீர் வந்த வழியே: ஆரணியைச் சுற்றி அமைதியான மிதிவண்டிப் பாதைகள்

ஆரணி என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. திருமணம் நிச்சயமான வீட்டார் பட்டுக்காக வருகின்றனர். வணிகர் அரிசிக்காக வருகின்றனர். வந்த வேலை முடிந்ததும் பேருந்தேறித் திரும்பிவிடுகின்றனர். சுற்றியுள்ள நாட்டைப் பார்க்கவென்று தங்குவோர் மிகச் சிலரே. ஏன், இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும், மேற்கே நீலமாய்த் தெரியும் ஜவ்வாது மலையை மாடியில் நின்று பார்த்ததோடு அமைந்துவிட்டவர்கள் பலர் அன்றோ?

அந்த மலைக்கும் இந்த ஊருக்கும் இடையே அழகிய நாடு ஒன்று விரிந்து கிடக்கிறது. ஏரிகள், வயல்கள், சிறு குன்றுகள், அவற்றைத் தழுவிச் செல்லும் சின்னஞ்சிறு சாலைகள்! பேருந்தில் செல்வோருக்கு அவை கண்ணில் படா. நடந்து செல்வோருக்கோ தொலைவு மிகுதி. நின்று பார்க்கவும், நினைத்த தொலைவு செல்லவும், பெரிய செலவின்றித் திரும்பவும் ஏற்ற ஊர்தி மிதிவண்டி ஒன்றே. நம் வீடுகளில் அது இருக்கத்தான் செய்கிறது; ஆனால் திண்ணையிலோ மாடிப்படியின் அடியிலோ துருவேறிக் கிடக்கிறது. அதைத் துடைத்து எடுத்தால் குடும்பமாகச் சென்றுவரத் தக்க வழிகள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெருஞ்சாலை வேண்டாம்

"குழந்தையைச் சைக்கிளில் அனுப்பவா? சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் தாய்மாரை நாம் குறை கூறமாட்டோம். அவர்கள் அச்சம் நியாயமானது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் 1,68,000 பேருக்கும் மேலானோர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. லாரியும் பேருந்தும் விரையும் சாலையின் ஓரத்தில் ஒரு சிறுவன் மிதிவண்டி ஓட்டிச் செல்வதைக் காண்கையில் நம் நெஞ்சமும் பதறவே செய்கிறது.

ஆயினும் இந்த அச்சத்துக்கு மருந்து மிதிவண்டியைக் கைவிடுவதன்று, சாலையை மாற்றிக்கொள்வதே. ஆரணியிலிருந்து வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் போளூருக்கும் செல்லும் பெரிய சாலைகளை விட்டு விலகி ஒரு கிலோமீட்டர் உள்ளே சென்றுவிட்டால், உலகமே வேறாகிவிடுகிறது. நாளுக்குச் சில முறை மட்டும் வந்துபோகும் நகரப் பேருந்து, பால் எடுத்துச் செல்லும் இருசக்கர வண்டி, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் – ஒரு மணி நேரத்தில் நாம் எதிர்கொள்ளும் வண்டிகள் பெரும்பாலும் இவ்வளவே. இத்தகைய சாலைகளையே நாம் அமைதி வழிகள் என்கிறோம்.

நீர் காட்டும் வழி

இவ்வழிகளைக் கண்டுபிடிப்பது எப்படி? வரைபடம் வேண்டுவதில்லை, நீரைப் பின்தொடர்ந்தாற் போதும்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. அதன் மடியிலிருந்து செய்யாறும், மிருகண்டா நதியும், கமண்டல நதியும், நாக நதியும் பிறக்கின்றன. கமண்டல நதி படவேட்டின் வழியாகவும், நாக நதி அமிர்தி, கண்ணமங்கலம் வழியாகவும் இறங்கி வந்து ஒன்றுகூடிக் கமண்டல நாகநதி என்னும் பெயரோடு ஆரணியை அடைகின்றன. ஆற்றை அணியாகக் கொண்ட ஊர் என்பதாலேயே 'ஆரணி' என்ற பெயர் வந்தது என்று பெரியோர் கூறுவதுண்டு.

இந்த ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. மழைக்காலத்தில் சில வாரங்கள் பெருகி வரும். பிறகு மணலே மிஞ்சும். ஆகவே நம் முன்னோர் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, வந்த நீரை ஏரி ஏரியாகத் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலிபோல் இவ்வாறு பிணைந்த ஏரிகளே இப்பகுதியின் உயிர்நாடி.

இதில் மிதிவண்டி ஓட்டுவோர் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நீர் செங்குத்தான மேட்டில் ஏறாது. மெல்லச் சரிந்தே செல்லும். ஏரியும் கால்வாயும் அமைந்த இடத்தில் நிலம் பெரும்பாலும் சமமாகவே இருக்கும். அந்த ஏரிக்கரையை ஒட்டியும், ஆயக்கட்டு வயல்களின் நடுவேயும் ஊருக்கு ஊர் செல்லும் பாதைகள் அமைந்தன. மூச்சு வாங்க வைக்கும் மேடு இல்லை. நிழலுக்குப் பனையும் புளியும் வேம்பும் உண்டு. மிதிவண்டிக்கென்றே அமைத்தது போன்ற வழி இதைவிட வேறு உண்டோ?

முதல் வழி: ஏரிக்கரைகள்

சிறு குழந்தைகளோடு செல்வோர் இந்த வழியில் தொடங்கலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ஊருக்கு வெளியே எத்திசையில் சென்றாலும் சில கிலோமீட்டருக்குள் ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் போதுமானது. இரண்டு மணி நேரத்தில் இருபது கிலோமீட்டரை எளிதாகச் சுற்றி வந்துவிடலாம்.

நெசவாளர் தெருக்களின் வழியே செல்கையில் சற்றுப் பொறுமை வேண்டும். அதிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகச் செல்வதே முறை. அந்த ஒரு பாவில் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே செல்லலாம்.

ஏரிக்கரை ஏறியதும் மதகு எது, கலங்கல் எது என்று காட்டுங்கள். மதகு வயலுக்கு நீர் விடுவது. கலங்கல் மிகை நீரை வெளியேற்றிக் கரையைக் காப்பது. கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் நேரிலேயே பாடம் நடத்தும். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழி, தை மாதங்களே இதற்குச் சிறந்த காலம். அப்போது ஏரிகள் நிறைந்திருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும்.

எச்சரிக்கை இரண்டு. மழை பெய்த மறுநாள் மண் கரையில் ஏறாதீர்கள். களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டு வண்டியை நகரவிடாது. சீமைக் கருவேலம் மண்டிய கரைகளில் அதன் முள் டயரைத் துளைத்துவிடும். அங்கே தார்ச்சாலையிலேயே செல்வது நலம்.

சற்றுக் கூடுதல் தொலைவு செல்ல விரும்புவோர் பூசிமலைக்குப்பம் வரை போகலாம். ஆரணி ஜாகீர்தார்கள் காட்டுப் பகுதியில் கட்டிய மாளிகை அங்கே சிதைந்து நிற்கிறது. கண்ணாடி மாளிகை என்று மக்கள் அழைக்கும் அதனை வெளியே நின்று பார்ப்பதே பாதுகாப்பு. சத்தியவிஜயநகரத்திலும் அவர்களது அரண்மனை உண்டு. வரலாற்றுப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் பயன் தரும்.

இரண்டாம் வழி: படவேடும் செண்பகத்தோப்பும்

இது ஒரு நாள் பயணம். உயர்நிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளும் பெரியோரும் செல்லத் தக்கது. கமண்டல நதி வந்த வழியே எதிர்த்திசையில், மேற்கு நோக்கிச் செல்கிறோம். படவேடு வரை சுமார் 25 கிலோமீட்டர். செல்லச் செல்ல மலை நெருங்கி வருவதைக் காணலாம். காலையில் சாம்பல் நிறமாய்த் தெரிந்தது, ஒரு மணி நேரத்தில் நீலமாகி, பிறகு பச்சையாகி, மரம் மரமாகப் பிரிந்து தெரியும்.

வழியில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பெருஞ்சாலையைச் சந்தவாசல் பகுதியில் கடந்தாக வேண்டும். அங்கே அனைவரும் இறங்கி, ஒன்றாக நின்று, இருபுறமும் பார்த்து, தள்ளிக்கொண்டே கடப்பது நன்று. கடந்த பின் மீண்டும் அமைதி.

படவேடு இன்று சிற்றூர். ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய பெருநகர் அது. இன்று வாழைத்தோப்பும் நெல்வயலும் நிறைந்த இவ்வூரில் பழங்கோயில்கள் பல ஆங்காங்கே நிற்கின்றன. ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதத்தில் பெருங்கூட்டம் வரும்; அம்மாதத்து வெள்ளிக்கிழமைகளில் இவ்வழியைத் தவிர்ப்பது நல்லது.

படவேட்டைத் தாண்டிச் சென்றால் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை. கமண்டல நதியின் குறுக்கே கட்டப்பட்டது இது. மூன்று புறமும் மலை சூழ, நடுவே நீர் தேங்கி நிற்கும் காட்சி கண்ணுக்கு விருந்து. நீருக்குள் இறங்குவது மட்டும் வேண்டாம். அணை நீரின் ஆழம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கட்டுச்சோறு உண்டு, மர நிழலில் இளைப்பாறி, மாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் ஆரணி சேரலாம். திரும்பும் வழி ஆற்றோடு ஒத்துச் சரிவாக இருப்பதால் கால்களுக்கும் எளிது.

மலை ஏறும் அளவுக்கு இன்னும் பழகாதவர்கள் அடுத்த ஞாயிறு தெற்கே தேவிகாபுரம் செல்லலாம். விசயநகர காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலின் உயர்ந்த கோபுரம் தொலைவிலிருந்தே வழிகாட்டும். நெசவு அங்கும் உண்டு. அதற்கப்பால் சேத்துப்பட்டு, அங்குள்ள லூர்து அன்னை ஆலயத்தை நம் வாசகர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாம் வழி: ஜவ்வாது மலை மேல்

இது பழகிய பெரியோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரியது. இரண்டு நாள் வேண்டும். ஆரணியிலிருந்து களம்பூர் வழியாகப் போளூர் சுமார் 30 கிலோமீட்டர். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். ஆரணி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜமுனாமரத்தூரோ 700 மீட்டருக்கும் மேல். ஆக, ஐந்நூறு மீட்டருக்கும் மேல் நாம் ஏற வேண்டும். நீலகிரியைப் போன்ற பெருமலை அன்று இது, நடுத்தர மலை. பொறுமையுள்ளவர் எவரும் ஏறிவிடலாம்.

நம் ஊர்களில் வழங்கும் கியர் இல்லாத வண்டியில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் ஓடுகிறது. சமவெளிக்கு இது ஏற்றது, மலைக்குக் கடினம். கியர் வண்டியில், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால் அதே சுற்றுக்கு வண்டி குறைந்த தொலைவே செல்லும். ஆனால் கால் எளிதாகச் சுற்றும். கியர் இல்லாதவர்கள் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளட்டும். தள்ளிக்கொண்டு நடப்பது வெட்கமன்று. காட்டின் ஒலிகளைக் கேட்பதற்கு அதுவே நல்ல வேளை.

இறங்கும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். புறப்படுமுன் பிரேக் கட்டைகளைத் தேய்மானம் பார்த்து மாற்றிவிடுங்கள். பிரேக்கை இடைவிடாமல் அழுத்தினால் சக்கர வளையம் சூடேறும். ஆகவே சிறிது பிடிப்பதும் விடுவதுமாக இறங்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி கவிழும். வளைவுகளில் இடப்பக்கமே செல்லுங்கள்; மணி அடியுங்கள்; பேருந்து வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். மாலை மங்கியபின் காட்டுச் சாலையில் செல்லலாகாது.

மேலே சென்றதும் வேறொரு நாடு. கோலப்பன் ஏரியும் கோமுட்டேரியும் மலையின் நடுவே கண்ணாடிபோல் கிடக்கின்றன. அருகே பீமன் அருவி. சாமை விளையும் சரிவுகள், பலா மரங்கள், புளியந்தோப்புகள், தேன் விற்கும் சிறு கடைகள். ஏரிக்கு ஏரி, ஊருக்கு ஊர் செல்லும் மலைச் சாலைகளில் ஏற்ற இறக்கம் உண்டேயொழிய வண்டிகள் மிகக் குறைவு. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கே வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியோடு அவர்களுக்கும் ஓர் உறவு இருப்பது ஆரணி மக்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஜமுனாமரத்தூருக்கு மேற்கே, ஆலங்காயம் செல்லும் வழியில் காவலூர் இருக்கிறது. வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972இல் வியாழனின் துணைக்கோளான கேனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளத்தையும், 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதையும் கண்டறிந்ததில் காவலூருக்குப் பங்குண்டு. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 சனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருநகர விளக்குகளின் ஒளி எட்டாத இருண்ட வானம் இங்கே இருந்ததே இவ்விடம் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணங்களுள் ஒன்று. பொதுமக்கள் பார்வையிடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துச் செல்க. மலையில் தங்கும் இரவில், வீட்டு மாடியில் நாம் காணாத விண்மீன்கள் எத்தனை என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பட்டியல் நீளமன்று. ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர்; கடலை உருண்டை, வாழைப்பழம்; தொப்பி; காற்றடிக்கும் பம்பு; பஞ்சர் ஒட்டும் பொருள்கள்; ஒரு ஸ்பானர்; சிறு மருந்துப் பை. வண்டியின் முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். இருக்கையின் உயரம் மிக முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கை முழங்காலைக் கெடுக்கும். குழுவாகச் செல்கையில் மெதுவாக ஓட்டுபவரை முன்னே விடுங்கள். அவரது வேகமே அனைவரின் வேகம்.

வீட்டுப் பெண்களும் வரட்டும்

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'குடும்பமாக' என்று நாம் எழுதும்போது அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுச் செல்வதைக் குறிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் தந்தார். கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். தண்ணீர் சுமக்கவும் சந்தைக்குச் செல்லவும் பிறரை எதிர்பார்க்கும் நிலை மாறியது. 2001இல் மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிப் பின்னர் மாணவர் அனைவருக்கும் விரிவாக்கியது. பள்ளி முடிந்ததும் அந்த வண்டிகளில் எத்தனை மூலையில் முடங்கிவிடுகின்றன!

தறியில் அமர்ந்திருப்போருக்கு இது இன்னும் பொருந்தும். குழித்தறியில் நாள் முழுவதும் குனிந்து அமர்ந்து கண்ணை நூலிலேயே நிறுத்தும் நெசவாளரின் முதுகும் கண்ணும் படும் பாட்டை ஆரணியில் அறியாத வீடு இல்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதேனும் தொலைவைப் பார்க்கவும், நிமிர்ந்து மூச்சு விடவும் அந்தக் கண்ணுக்கும் முதுகுக்கும் உரிமை உண்டு. அதற்கு மருந்துச் சீட்டு வேண்டுவதில்லை. மேற்கே போகும் ஒரு சிறு சாலை போதும்.

அமைதியைக் காப்பது நம் கடமை

அமைதி வழிகள் தாமாக அமைதியாய் இருந்துவிடா. ஏரிக்கரையில் உடைத்தெறியும் மதுப்புட்டி, ஏரிக்குள் கொட்டும் குப்பை, கரையை விழுங்கும் முட்புதர், மலைமேல் ஒலிபெருக்கியோடு வரும் கூட்டம் ஆகியவை இவ்வழிகளைக் கெடுத்துவருகின்றன. நாள்தோறும் அவ்வழியே செல்வோர் இல்லையென்றால் கெடுவதைக் கண்டு கேட்பாரும் இல்லை. ஏரிக்கரையில் குடும்பங்கள் நடமாடினால், கரை உடைந்திருப்பதும் மதகு அடைத்திருப்பதும் உடனே கண்ணில் படும்; ஊராட்சிக்குச் சொல்லவும் ஆள் இருக்கும். மலைக்குச் செல்வோரும், அங்கு வாழ்வோர் காட்சிப் பொருளல்லர் என்பதை உணரவேண்டும். கேளாமல் படம் எடுக்காமலும், அவர்களிடமே தேனும் சாமையும் நியாயமான விலைக்கு வாங்கியும் வருவது விருந்தினர்க்கு அழகு.

பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாநிலம் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், சுரங்கப் பொறியாளரான ஹ்யூகோ போலன் ஒரு வழி கண்டார். சுரங்கத்தின் சந்திப்புகளுக்கு எண்ணிடுவது போல, மிதிவண்டிப் பாதைகளின் சந்திப்புகளுக்கும் எண்ணிட்டுப் பலகை வைக்கச் செய்தார். எண்களைக் குறித்துக்கொண்டவர் எவரும் வழி தவறாமல் செல்லலாம். 1995இல் அங்கே தொடங்கிய இம்முறை பின்னர் பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் பரவியது. தொழில் போன மண்ணுக்கு வெளியூரார் வந்து தங்கினர். சிற்றுண்டிச் சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் வாழ்வு வந்தது.

ஆரணியின் ஏரிக்கரைகளுக்கும் அத்தகைய பலகைகள் வைக்கப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு டப்பா வண்ணமும், ஊராட்சியின் ஒப்புதலும், நாலு இளைஞர்களின் ஒரு ஞாயிறு மாலையும் போதும். பட்டு வாங்க வருவோர் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், தேநீர்க் கடைக்காரரும், வாடகைக்கு மிதிவண்டி விடுபவரும், தறி நெய்பவரும் அதனால் பயன் பெறுவர். வெளியூர் பணிக்குச் செல்லும் நம் இளைஞர்களுள் சிலருக்கேனும் ஊரிலேயே ஒரு வேலை பிறக்கலாம்.

அதற்கெல்லாம் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்றே. இந்த வாரமே வீட்டு மிதிவண்டியைத் துடையுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். டயரில் காற்றடியுங்கள். பிள்ளைகளை அருகே அழைத்து, நம் வயலுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவர்களுக்கு விடை தெரியாவிடில், நீங்கள் சொல்ல வேண்டாம். கூட்டிச் சென்று காட்டுங்கள்.